பாய்லர்மேனிடம் கேளுங்கள்: தன்னைத்தானே கட்டுப்படுத்துவது

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனை ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, சுயக் கட்டுப்பாடு என்றால் என்ன?

பாய்லரில் தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், பம்பு ஓடும். தண்ணீர் ஏறினால் பம்பு நிற்கும். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்கு மாட்டிய சுழல் குண்டுகளும் இப்படித்தான். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். கோளாறை உணர ஒன்று வேண்டும், அது சொல்வதைக் கேட்டுத் திருத்த ஒன்று வேண்டும். ஒருமுறை நைட் ஷிப்டுக்குப் போனேன். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடிமட்டத்தில் நிற்கிறது, அலாரம் சத்தமே இல்லை. மூடியைக் கழற்றினால் மணிக்குள் கந்தல் துணி! தூங்க விடவில்லையென்று யாரோ திணித்திருக்கிறார்கள். தம்பிகளே, அலாரத்தை அடைக்காதீர்கள்.

எனக்கு இனிப்பு நீர், உடம்பு தானாகச் சரிசெய்யாதா?

கிளினிக்கில் கேளுங்கள் தங்கச்சி. மருந்தை நிறுத்தாதீர்கள்.

தோட்டத்தில் ஆந்தைக் கூடு எதற்கு?

எலியைப் பிடிக்கத்தான். எலி பெருகினால் ஆந்தையும் குஞ்சு அதிகம் பொரிக்கும். எலி விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்று ஆந்தையும் சாகலாம்.

மலேசியாவின் 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளியே தன்னைக் கட்டுப்படுத்தட்டும் என்கிறதாமே? பாலுக்குப் பூனை காவலா?

ஆபத்தை உண்டாக்குகிறவனே முதல் பொறுப்பாளி என்பதுதான் அதன் அடிப்படை. நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம். அரசாங்க அதிகாரிக்கும் சோதிக்க, வழக்குப் போட அதிகாரம் உண்டு.

குழுவில் வாய் திறந்தால் வேலை போய்விடும் ஐயா!

பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது.

சட்டத்தில் இருக்கிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறதா?

நியாயமான கேள்வி. வெளிநாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த பையன் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறான். அந்தப் பயமும் மணிக்குள் திணித்த துணிதான். குழுவில் உட்காரும் நம் ஆட்கள் முதலில் அவனைப் பேச விடுங்கள்.

எட்டு வயதுப் பையன் போனை விடமாட்டேன்கிறான்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் பெரியவர் அடக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். மூளையில் அடக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி இருபது வயதைத் தாண்டித்தான் முழுதாக முதிரும். அதுவரை நீங்கள்தான் மிதவை.

செம்பனைத் தோட்டம் முறையாக நடக்கிறது என்று கொடுக்கும் ஆர்எஸ்பிஓ சான்றிதழ் இருந்தால் கவலையில்லைதானே?

இதை நீங்கள் கேட்பது மூன்றாவது தடவை. 2004-இல் தொடங்கிய அதில் சேருவது தோட்டத்தின் விருப்பம். மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம். மணியை அடைத்த ஆலையை மேலே சொன்னேனே, அங்கும் இரண்டு சான்றிதழும் சுவரில் தொங்கின; அப்புறமும் காகிதத்தையே கேட்கிறீர்கள். போய் மணியைத் தட்டிப் பாருங்கள்.