யானைக்கால் வீக்கம்: திரும்பத் திரும்ப வரும் குளிர்காய்ச்சலை எப்படி நிறுத்துவது?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமம். அம்மாவுக்கு 58 வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே பதினைந்து வருடமாக வீங்கியிருக்கிறது. யானைக்கால் என்று அப்போதே மாத்திரை கொடுத்தார்கள். நடவு, களையெடுப்புக்கு இன்னும் போகிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது, கால் சிவந்து கொதிக்கிறது. மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கிறது. காலில் தண்ணீரே படக்கூடாது என்கிறார்கள். புழு மாத்திரையைத் திரும்பக் கொடுக்கலாமா? வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: தண்ணீர் படக்கூடாது என்று சொன்னவர்களின் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அம்மாவின் காலுக்கு முதல் மருந்தே சோப்பும் தண்ணீரும்தான்.

யானைக்கால் புழு நிணநீர்க் குழாய்களுக்குள் சில வருடங்கள் வாழ்ந்து மடிந்துவிடும். பதினைந்து வருடம் கழித்து அம்மாவின் காலில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் புழு இல்லை, அது கெடுத்துவிட்டுப் போன குழாய்கள். வடிய வேண்டிய நீர் வடியாமல் தோலுக்கடியில் தேங்குகிறது. அப்படித் தேங்கிய காலில் கிருமி நுழைந்தால் எதிர்க்கும் சக்தி குறைவு. இப்போது வரும் காய்ச்சலுக்கும் நெறிக்கும் காரணம், தோல் வெடிப்பு வழியாக உள்ளே போகும் பாக்டீரியா. அது பெரும்பாலும் நுழையும் வாசல் விரலிடுக்கு. நடவுக்காலத்தில் நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் விரலிடுக்கு வெளுத்து ஊறிப் பிளக்கும். நாம் சேற்றுப்புண் என்று சாதாரணமாக விட்டுவிடுவது இதைத்தான். ஒவ்வொரு காய்ச்சலும் மீதமிருக்கும் நிணநீர்க் குழாய்களையும் கொஞ்சம் அழிக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கால் பெருக்கிறது.

எனவே புழு மாத்திரையை நீங்களாகத் திரும்பக் கொடுக்க வேண்டாம். டிஇசி என்ற அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கும் நுண்புழுக்களைக் கொல்லும், பழைய வீக்கத்தைக் குறைக்காது. சந்தேகம் இருந்தால் இரவு 10 மணிக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் சுற்றுவது அந்த நேரத்தில்தான். நீர் பிரிவதற்கான மாத்திரையும் இந்த வீக்கத்துக்குப் பயன்படாது. கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதனால் உப்புச்சத்து குறைந்து மயக்கம் வருவதுதான் மிச்சம்.

இனி கழுவும் முறை. தினமும் ஒருமுறை, வயலுக்குப் போன நாளில் வீடு திரும்பியதும் இன்னொருமுறை. வாய்க்காலில் கால் அலம்பினால் போதாது, வீட்டில் நல்ல தண்ணீர் வேண்டும். அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு பக்கெட் தண்ணீர், குவளை, சாதாரணக் குளியல் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி இவற்றைப் பக்கத்தில் வையுங்கள். சூடாக்க வேண்டாம், பச்சைத் தண்ணீரே சரி. முதலில் நல்ல வெளிச்சத்தில் காலை முழுக்கப் பாருங்கள்: விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, தோல் மடிப்புகளின் உள்பக்கம். காலை நனைத்து, சோப்பைக் கையில் நுரைத்து, முழங்காலில் தொடங்கிப் பாதம் வரை கீழ்நோக்கித் தேய்த்து வாருங்கள். பிரஷ், நார், கல் எதுவும் கூடாது, அவை போடும் கீறலே அடுத்த வாசல். மடிப்புக்குள்ளும் விரலிடுக்கிலும் துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடையுங்கள். நுரை முழுக்கப் போகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் தோல் காய்ந்து வெடிக்கும். வீங்காத காலையும் இதேபோலக் கழுவுங்கள்.

கழுவுவதைவிடத் துடைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். வீங்கிய காலில் விரல்கள் நெருங்கிக் கிடக்கும், துண்டு உள்ளே போகாது. பழைய பருத்திப் புடவையை நாடா போலக் கிழித்து, ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து ஈரத்தை எடுங்கள். அந்தத் துணியைத் தினமும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

விரலிடுக்கு வெளுத்தோ அரித்தோ பிளந்தோ இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பைக் காலையும் இரவும் மெலிதாகத் தடவுங்கள். ஆறியதுபோல் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள், பாதியில் விட்டால் திரும்ப வரும். வாங்கும்போது ட்யூபைப் படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் நிறைய விற்கின்றன. அவை அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சையை உள்ளுக்குள் வளர்க்கும், தோலையும் மெலியவைக்கும். பிளந்த இடத்தில் மருதாணியோ மஞ்சளோ அப்ப வேண்டாம். நிறம் ஏறிவிட்டால் சிவப்பு தெரியாது, காய்ந்த விழுது ஈரத்தையும் அழுக்கையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். மற்றபடி காய்ந்த காலுக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கைத் தவிர்த்து.

மெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். அதனடியில் ஈரம் நிற்கும், காய்ச்சலில் விரல் வீங்கினால் சதையை அறுக்கும். கழற்றச் சொன்னால் அம்மாவின் மனசு சங்கடப்படலாம். வலது காலில் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று பேசிப் பாருங்கள்.

உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் எதிரே இன்னொரு ஸ்டூலில் நீட்டி வைக்கட்டும். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள், சுமார் 15 சென்டிமீட்டர் கிடைக்கும். பாயில் படுப்பவரானால் மடித்த போர்வை போதும். படுத்தால் மூச்சு வாங்குபவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. சுவரைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்து கணுக்காலைச் சுழற்றுவது, ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. கெண்டைக்காலின் தசை அசைந்தால்தான் தேங்கிய நீர் மேலேறும். கட்டுப் போடுவதை அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். கெண்டைக்காலில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் பாதம் பலூனாகிவிடும்.

வயல்வேலையை விடுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். குறுவையிலும் சம்பாவிலும் நடவுக்கூலிதான் பல வீடுகளுக்கு வருமானம் என்பதால் அப்படி எழுதமாட்டேன். ஆனால் பிளவோ புண்ணோ இருக்கும் நாளிலும், காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் வரையிலும் சேற்றில் இறங்கவே கூடாது. மற்ற நாட்களில் இறங்குவதற்கு முன் உலர்ந்த விரலிடுக்கில் வாசலின் தடவிக்கொண்டால் ஊறுவது குறையும். திரும்பியதும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவிட வேண்டும். வரப்பில் நடக்கச் செருப்பு அவசியம், பட்டை அகலமாக, உரசாததாக இருக்கட்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் காலை உயர்த்தி வைத்துப் படுக்கவையுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது, கீறி நீர் எடுப்பது மூன்றும் ஆபத்து. பயிற்சியை நிறுத்தி, தண்ணீரும் கஞ்சியும் நிறையக் கொடுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்கைப் பெரும்பாலும் 8 நாளுக்குக் குறையாமல் கொடுப்பார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் வாங்கும் இரண்டு நாள் மாத்திரையில் காய்ச்சல் இறங்குகிறதே தவிரக் கிருமி சாவதில்லை. இவ்வளவு அடிக்கடி வருவதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி தேவையா என்றும் கேளுங்கள். தோல் கறுத்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ நேராகப் பெரிய மருத்துவமனை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தச் சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். சர்க்கரை கட்டுப்படாமல் கழுவுவது மட்டும் பலன் தராது. வீக்கம் முழுக்க வடியும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஒழுங்காகச் செய்தால் சில மாதங்களில் காய்ச்சல் வருவது குறையும், தோல் மிருதுவாகும். மாதம் ஒருமுறை, காலையில் எழுந்ததும், கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் இஞ்ச் டேப்பால் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். யானைக்கால் நோயாளிகளுக்கு அரசு தரும் பராமரிப்புப் பெட்டியில் பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

பேரக்குழந்தைகளுக்குத் தொட்டால் ஒட்டாது, பரம்பரையாகவும் வராது. பாட்டி மடியில் தாராளமாக உட்காரட்டும். பரப்புவது கியூலெக்ஸ் கொசு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகி இரவில் கடிக்கும். எல்லோரும் கொசுவலைக்குள் தூங்குங்கள், செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுங்கள், மூடியில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசி அடையுங்கள்.