பெட்டியில் ‘4கே’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: 55 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறோம். கடைக்காரர் ஒரு ப்ளூ-ரே பிளேயரைக் காட்டி, “இதுவும் 4கே தான், விலை பாதி” என்கிறார். வாங்கலாமா? வீட்டிலுள்ள பழைய டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க்குகள் வீணாகிவிடுமா?

பதில்: அட்டைப்பெட்டியைப் படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ‘4கே அப்ஸ்கேலிங்’ என்று போட்டிருந்தால் அது சாதாரண ப்ளூ-ரே பிளேயர். 1920×1080 படத்தை உங்கள் திரைக்கு இழுத்து நிரப்பித் தரும், அவ்வளவுதான். ‘அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே’ எனப்படும் உண்மையான 4கே டிஸ்க்கைப் போட்டால் அதில் ஓடாது. பழைய ப்ளூ-ரேயில் ஒரு பதிவு அடுக்குக்கு 25 ஜிபி; 4கே டிஸ்க்கில் 33 ஜிபி வரை நெருக்கிப் பதிகிறார்கள். திருட்டுத் தடுப்புப் பூட்டும் வேறு. “அப்டேட் போட்டால் ஓடும்” என்பது சுத்தப் பொய். முகப்பில் ‘அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே’ லோகோ இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

பழைய டிஸ்க்குகள் புதிய பிளேயரிலும் ஓடும். ஆனால் வெளிநாட்டுப் பிளேயர் என்றால் ஒரு சிக்கல். 4கே டிஸ்க்குக்கு நாட்டு எல்லை கிடையாது. எங்கே வாங்கினாலும் ஓடும். சாதாரண ப்ளூ-ரேக்கு எல்லை உண்டு: இந்தியா ‘சி’, அமெரிக்காவும் சிங்கப்பூரும் ‘ஏ’, ஐரோப்பா ‘பி’. டிவிடிக்கு இந்திய எண் 5, அமெரிக்க எண் 1. அதனால் அமெரிக்கப் பிளேயரில் 4கே டிஸ்க் ஓடும். ‘சி’ என்று பூட்டிய உங்கள் ப்ளூ-ரே ஓடாது. 4கே டிஸ்க் விற்கும் பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேக்கும் இந்தப் பூட்டு இருக்கலாம். ‘எல்லா ரீஜனும் ஓடும்’ என்பவரிடம் உங்கள் டிஸ்க்கையே கொடுத்துக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

4கே டிஸ்க் வந்தது 2016-ல். 2018-ல் ஓப்போ பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. 2019-ல் சாம்சங் விலகியது. 4கே, 4கே என்று கூவி டிவி விற்ற நிறுவனமே பிளேயரைக் கைவிட்டால் வாங்கியவர் எங்கே போவார்? அந்த இடைவெளியில்தான் வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கு புகுந்துவிட்டது. அதை வாங்கியே ஆக வேண்டுமென்றால் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘100–240 வோல்ட்’ என்றால் பயமில்லை. வெறும் ‘120 வோல்ட்’ என்றால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகியதும் பவர் சப்ளை புகைந்துவிடும். பிளக்கின் பின்னை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜைக் குறைக்காது. வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் 100 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

பிளேஸ்டேஷன் 4 ப்ரோவிலும் 4கே டிஸ்க் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் ஓடும்.

பிளேயரை இணைத்தபின் படம் வெளிறித் தெரிந்தால், டிவி மெனுவில் அந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் அமைப்பைப் பாருங்கள். சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’. பல டிவிகளில் இது அணைத்தே வரும், இயக்கினால்தான் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் விரிவாகக் காட்டும் முறை) வண்ணம் முழுதாக வரும்.