விருந்துக்கு எல்லாம் தயார் செய்த பிறகு ஆளும் நேரமும் மாறினால் என்ன செய்வீர்கள்?

சொந்தக்காரர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று சாமான் வாங்கி, பாதி வேலையும் முடித்த பிறகு, ஆள் கூடிவிட்டது, நேரம் தள்ளிப்போய்விட்டது, இது சாப்பிட மாட்டோம் அது சாப்பிட மாட்டோம் என்று தகவல் வந்தால் வீட்டில் சமைப்பவர் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் மாமனார், மாமியாரோடு இருக்கும் வீடு எங்களுடையது. சொன்னபடி சொன்ன நேரத்துக்குச் சொன்ன ஆட்கள் வருவது இங்கே அபூர்வம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

என்னென்ன செய்யப்போகிறோம் என்று பட்டியல் போடுவதைவிட, எந்தச் சமையலை எந்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் கைகொடுக்கும். சாம்பார் என்றால் பருப்பு வெந்து, புளி கரைத்த இடத்தில் நிறுத்தலாம். பொரியல் என்றால் காய் நறுக்கிய இடத்தில். வறுத்தரைக்கிற குழம்பு என்றால் அரைப்பு வறுத்து ஆறிய இடத்தில். அதுவரை செய்துவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். தாளிப்பு, தேங்காய், தயிர், எலுமிச்சை எல்லாம் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு போதும்.

ஓர் உதாரணம். கார்த்திகை பிறந்த சமயம், மதுரையிலிருந்து மதினி (என் கணவரின் அக்கா) குடும்பம் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், ரசம் என்று பேச்சு. கறியைக் காலையில்தான் வாங்குவோம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் மல்லி, மிளகாய் வற்றல், மிளகு, தேங்காய் எல்லாம் வறுத்து ஆற வைத்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மதினி போன்.

"எம்மா, கறி எடுத்துட்டியா? எடுக்காத. உங்க அண்ணன் மாலை போட்டாச்சு. எங்க அத்தையும் மாமாவும் கூட வாறாங்க. கோவிச்சுக்காத என்னா."

கோபப்பட இதில் என்ன இருக்கிறது? ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் விரதம். கறி, மீன் மட்டுமில்லை, சில வீடுகளில் வெங்காயம், பூண்டும் கிடையாது. அதனால் போனை வைப்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுவிட்டேன். வெங்காயம், பூண்டு உண்டா? பெரியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது உண்டா? புறப்படும்போது போன் போடுவீர்களா? "வந்து சேரும்போது" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. புறப்பட்ட நேரம் தெரிந்தால் மதுரையிலிருந்து நெல்லைக்கு நாலுவழிச் சாலையில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றார்கள். மாமாவுக்குச் சர்க்கரை. எங்கள் வீட்டு நாலு பேரையும் சேர்த்துப் பத்து இலை.

இந்த இடத்தில் நிறையப் பேர் பதறிப்போய் ஐட்டத்தைக் கூட்டுவார்கள். கறி இல்லையே என்று இரண்டு கூட்டு, மூன்று பொரியல், வடை, பாயசம் என்று இழுத்துப் போட்டுக்கொண்டால் தனி ஆளால் முடியாது. வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்க நாம் அடுப்படியிலேயே நின்றிருப்போம். மதினி மதுரையிலிருந்து வருவது என்னோடும் அவர்கள் அம்மாவோடும் உட்கார்ந்து பேசுவதற்கு. அதைக் கெடுக்கிற அளவுக்கு எந்தச் சாப்பாடும் முக்கியமில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஒரு குழம்பை நிறைய வையுங்கள், நன்றாக வையுங்கள். கூட இரண்டு தொட்டுக்கொள்ள இருந்தால் போதும்.

எங்கள் ஊரில் அதற்குச் சொதி இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வோம். சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தால் அது முழு விருந்து. கறி இல்லை என்று யாருக்கும் தோன்றாது. நிறுத்தி வைக்க இதைவிட வசதியான குழம்பு எனக்குத் தெரியாது என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பத்துப் பேருக்கு இரண்டு பெரிய தேங்காய், கால் கிலோ பாசிப்பருப்பு. துருவிய தேங்காயை வெந்நீர் கொஞ்சமாக விட்டு அரைத்துப் பிழிந்து முதல் பாலைத் தனியாக எடுத்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அதே சக்கையில் இரண்டாம் பால், மூன்றாம் பால். பாசிப்பருப்பை வாசனை வரும்வரை லேசாக வறுத்து வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி எல்லாம் மூன்றாம் பாலில் வேகட்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது, உப்பு, பிறகு பருப்பு, இரண்டாம் பால். ஒரு கொதி வந்ததும் நிறுத்திவிடலாம். மஞ்சள் தூள் கிடையாது, வற்றல் மிளகாய் கிடையாது, புளியும் கிடையாது. வழக்கமாகச் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ப்போம், அன்றைக்கு இரண்டையும் விட்டுவிட்டேன். இஞ்சி தூக்கலாக இருந்ததால் குறை தெரியவில்லை.

முதல் பாலைச் சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே கொதிக்கிற சொதியில் ஊற்றினால் திரிந்துபோய் மேலே எண்ணெய் மிதக்கும். கால் மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைத்து, சூடான சொதியில் ஒரு கரண்டியைப் பாலில் விட்டுக் கலக்கி, பிறகு பாலைச் சட்டியில் ஊற்றுங்கள். அடுப்பு சின்னதாக எரியட்டும். ஓரத்தில் நுரை கூடி வரும்போதே அணைத்துவிட்டு, தாளித்துக் கொட்டி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழியவும். இந்தக் கடைசி வேலை பத்து நிமிடம்தான். பன்னிரண்டரைக்கு வந்தாலும் மூன்று மணிக்கு வந்தாலும் சொதி அப்போதுதான் இறக்கியதுபோல் இருக்கும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதற்குத்தான் புளியும் வெல்லமும் சேர்த்த இஞ்சிப் பச்சடி. அதை முந்தின நாளே கிண்டி வைக்கலாம், கெடாது.

வந்தது மூன்று மணிக்குத்தான். கோவில்பட்டியைத் தாண்டியதும் நல்ல மழை, டயர் வேறு பஞ்சர். ஒன்றும் வீணாகவில்லை. அரிசியைக் கழுவி ஊற வைத்திருந்தேன், வடிக்கவில்லை. அவர்கள் கங்கைகொண்டானிலிருந்து போன் போட்டதும் உலை வைத்தேன். பிள்ளைகள் பசியோடு இறங்குவார்கள் என்று வாழைப்பழமும், பெரியவர்களுக்குச் சுக்குக் காப்பியும் தயாராக இருந்தன. மாமாவுக்கு மட்டும் கருப்பட்டி போடாமல். சாப்பாடு நேரம் தள்ளிப்போனால், வந்தவர்கள் கையில் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இது மரியாதை மட்டுமில்லை, அவசியமும்கூட.

அரிசி அளவையும் கேட்டிருந்தீர்கள். விருந்துச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கிலோவைத் திணிக்காதீர்கள். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதியைத் தாண்டக்கூடாது. இரண்டு தடவையாக வைக்கலாம், அல்லது பானையில் வடித்துவிடலாம். நான் வடிப்பதுதான் வழக்கம். ஆள் கூடியது தெரிந்தால் பக்கத்து அடுப்பில் இன்னொரு பாத்திரத்தில் உலை வைக்க முடிகிறது.

ஆள் இரண்டு மடங்கானால் உப்பு, காரம், புளியை இரண்டு மடங்காக்காதீர்கள். ஒன்றரை மடங்கில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். சாம்பார் முடிந்த பிறகு ஆள் கூடினால் தண்ணீரை விட்டு இழுக்க வேண்டாம். பருப்பு அடியில் தங்கி, மேலே புளித்தண்ணீர்தான் நிற்கும். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைப் போட்டால் ஊற வைக்காமலே சீக்கிரம் குழைந்துவிடும். அதைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். இல்லையென்றால் சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு ரசத்தைக் கூட்டி வையுங்கள்.

நேரம் தள்ளிப்போகும்போது கெட்டுப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் தேங்காய் அரைத்து விட்ட கூட்டு, சட்னி, அவியல் எல்லாம் சீக்கிரம் நொந்துவிடும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புளிக்குழம்பும் புளியோதரையும் தாங்கும். வடித்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சு உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தயிர்ச்சோறு என்றால் சூடான சோற்றைக் குழைத்துப் பாலை நிறைய விட்டு, ஆறிய பிறகு ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். அவர்கள் தாமதமாக வந்தாலும் புளித்திருக்காது.

அசைவம் சமைக்கிற வீடு என்றால், கறி படாத ஒரு செட் பாத்திரம் தனியாக வைத்திருப்பது நல்லது. விரதக்காரர்கள் கேட்கத் தயங்குவார்கள். "இது சைவத்துக்கே வச்சிருக்கிற சட்டிதான்" என்று நாமே சொல்லிவிட்டால் அவர்கள் மனம் நிறைந்து சாப்பிடுவார்கள். அண்ணன் அன்றைக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டில் எப்போதும் என்ன இருக்க வேண்டும் என்றால் அரிசி, இரண்டு வகைப் பருப்பு, புளி, இரண்டு தேங்காய், ஃப்ரிட்ஜில் தோசை மாவு. இவ்வளவுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுவிட்டது. அதில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். வீடுகளில் இருந்த அரிசியும் பருப்பும்தான் அத்தனை பேருக்கும் சாப்பாடானது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இனி, சனிக்கிழமை வறுத்து வைத்த அந்த மசாலா. கறிக்குழம்புக்கு வறுக்கும்போது சோம்பு, பட்டை, கிராம்பை நான் அதோடு சேர்ப்பதில்லை. அவற்றைத் தனியாகப் பொடித்து, குழம்பு கொதிக்கும்போதுதான் போடுவேன். மல்லி, மிளகாய், மிளகு, தேங்காய் மட்டும் இருந்தால் அது எந்தப் பக்கமும் திரும்பும். கறி என்றால் கறிக்குழம்பு, சைவம் என்றால் தீயல். உங்களுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். மழை விடாததால் மதினி வீட்டார் அன்றிரவு தங்கிவிட்டார்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அந்த வறுத்த மசாலாவை எடுத்து, கொஞ்சம் வெந்தயத்தையும் வறுத்துச் சேர்த்து அரைத்து, வெண்டைக்காயை எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து விட்டுத் தீயல் வைத்தேன். மதினி பக்கத்தில் நின்று தோசை சுட்டார்கள்.