பழைய சில்லறைக் காசு என்ன விலை போகும்? கேள்விகளும் பதில்களும்

கொங்கு நாட்டில் பழைய காசு இல்லாத வீடு குறைவு. அமுச்சியின் (பாட்டியின்) சுருக்குப் பையிலோ அப்பாருவின் (தாத்தாவின்) தகரப் பெட்டியிலோ நாலு காசாவது கிடக்கும். வீடு மாற்றும்போது அது வெளியே வரும், கூடவே ஆசையும் வரும். பல வருடமாகக் காசு சேர்க்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு தங்கை: "அண்ணா, எங்க அமுச்சி வெச்சிருந்த ஓட்டைக் காலணா ஏழு இருக்குதுங்க. ஒண்ணு லட்ச ரூபாய்க்குப் போகும்னு வீடியோவுல சொல்றாங்க. நெசமாங்களா?"

இல்லைம்மா. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அச்சானது. இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்ததால் காசின் எடையைக் குறைத்து நடுவில் துளை போட்டார்கள். அதற்கு முந்தைய காலணா ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, இது இரண்டு கிராம்தான். கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

ஏழையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, சன்னல் ஓரமாக வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கிரீடமும் ஆண்டும் இருக்கும், மறுபக்கம் துளையைச் சுற்றி இலைமாலை. அந்த இலைகளின் நரம்பு தனித்தனியாகத் தெரிகிறதா? பள்ளங்களில் புதுச் செம்பின் சிவப்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது நல்ல காசு, சேகரிப்பவர்கள் சில நூறு ரூபாய் கொடுப்பார்கள். இலை வழவழவென்று ஆகிவிட்டிருந்தால் பத்திலிருந்து ஐம்பது ரூபாய்க்குள்தான். குழந்தைகளின் அரணாக்கயிற்றில் கோத்துக் கட்டிய காசு என்றால் துளையின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். சந்தையில் அதற்கு விலை குறைவு. ஆனால் அது உங்கள் அம்மாவின் இடுப்பில் கிடந்த காசாக இருக்கலாம், விற்பதற்கு முன் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிடுங்கள்.

ஆண்டுக்குப் பக்கத்தில் சின்னக் குறி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 'எல்' எழுத்து இருந்தால் லாகூரில் அச்சானது. சேகரிப்பவர்கள் ஆண்டு, அச்சுச்சாலை என்று வரிசை வைத்துத் தேடுகிறவர்கள். அவர்கள் வரிசையில் விட்டுப்போன காசு உங்களிடம் இருந்தால் பேரம் கொஞ்சம் உங்கள் பக்கம் சாயும்.

பல்லடம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: "1835 என்று போட்ட கம்பெனிக் காலணா என்னிடம் உள்ளது. ஏறத்தாழ 190 வயது. ஓட்டைக் காலணாவைவிடப் பல மடங்கு பெறும் அல்லவா?"

ஐயா, எல்லாரும் சறுக்குகிற இடம் இது. வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலை வைக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் காசில் போடும் ஆண்டை வருடா வருடம் மாற்றவில்லை. 1835 என்ற அதே ஆண்டைப் போட்டே பல வருடம் அச்சடித்தார்கள். அதனால் அந்தக் காலணா மிகச் சாதாரணம். எடை ஆறரை கிராம் இருக்கும், செம்பு விலைக்குப் பார்த்தால் பத்து ரூபாய்கூடத் தேறாது. எழுத்தும் சிங்கங்கள் தாங்கும் சின்னமும் கூர்மையாக இருந்தால் மட்டும் நல்ல விலை எதிர்பார்க்கலாம்.

பெருந்துறை: "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வருதுங்க. அப்படி விக்கலாமா?"

தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் ஏறிய பழுப்பு நிறம் பல வருடத்தில் தானாக வந்தது. அதை எடுத்துவிட்டால் திரும்ப வராது. விவரம் தெரிந்தவர் பார்த்த உடனே "கழுவின காசு" என்று பாதி விலை கேட்பார். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், அது போதும்.

உடுமலை: "விக்டோரியா ராணி போட்ட நாலணா ஒன்று, புலி போட்ட நாலணா ஒன்று. இரண்டும் வெள்ளியா?"

ராணி நாலணா வெள்ளி. எடை 2.92 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு வெள்ளி. அதாவது ஏறத்தாழ 2.7 கிராம் சுத்த வெள்ளி. விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள், அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. 1940 முதல் 1945 வரை வந்த நாலணாவில் வெள்ளி பாதிதான். புலி போட்டது 1946, 47ஆம் ஆண்டுக் காசு, முழுக்க நிக்கல். நகைக்கடைத் தராசில் எடை போட்டுக்கொள்ளுங்கள். எடை பொருந்தாவிட்டால் போலியாக இருக்கலாம், கடுமையாகத் தேய்ந்ததாகவும் இருக்கலாம்.

அவிநாசி: "தாமரைப் பூ போட்ட 20 பைசாவில் தங்கம் கலந்திருக்குதாமே?"

இல்லை. அது 1968 முதல் 1971 வரை வந்த நிக்கல் கலந்த பித்தளை.

கோபி: "1818ன்னு போட்டு ராமர் பட்டாபிஷேகம் இருக்கிற ஓரணா. கம்பெனிக் காசு, அரிசியை இழுக்கும்னு ஒருத்தர் பத்து லட்சம் பேசறார்."

பத்து லட்சம் அவர் தரப் போவதில்லை, உங்களிடமிருந்துதான் ஏதாவது கேட்கப் போகிறார். ஓரணா என்று பெயர் போட்ட காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. ஓரணா முதன்முதலில் வந்தது 1907இல், ஏழாம் எட்வர்டு காலத்தில். ராமர், அனுமன் போட்டு 1818, 1839 என்று ஆண்டு பொறித்தவை எல்லாம் பின்னாளில் செய்து விற்ற வில்லைகள். பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள், தப்பில்லை. அரிசி இழுப்பது வெறும் ஏமாற்று வேலை. "சோதனை செய்ய ஆள் வரணும், செலவுக்குப் பணம் கொடுங்க" என்று தொடங்கி, நிலத்தை விற்கிற அளவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.

சத்தியமங்கலம், விவசாயி: "தோட்டத்துல உழுதப்போ யானை போட்ட செம்புக்காசு கெடச்சுதுங்க. மறுபக்கம் உருது மாதிரி எழுத்து."

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். அது பெரும்பாலும் திப்பு சுல்தான் காசு. எழுத்து பாரசீகம். 1799 வரை உங்கள் ஊர் மைசூர் ஆட்சியில் இருந்தது. சத்தியமங்கலத்துக்குச் 'சலாமாபாத்' என்று பெயர் வைத்து அங்கேயே ஓர் அச்சுச்சாலையும் நடத்தினார்கள். உங்கள் காசில் இருப்பது பட்டணமா (அதாவது ஸ்ரீரங்கப்பட்டணம்), சலாமாபாத்தா என்று பாரசீகம் படிக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள். பட்டணத்துக் காசு நிறையக் கிடைக்கும். சலாமாபாத் என்றால் உங்கள் ஊர்க் காசு உங்கள் ஊர் மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. இன்னொன்று, திப்பு காசில் பிற்கால ஆண்டு எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

ஆனால் மண்ணில் கிடைத்ததை நேராக விற்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் நிலத்தில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

கரூர் அமராவதி மணலில் கிடைத்த குட்டிக் காசைப் பற்றிக் கேட்ட தம்பிக்கும் இதே பதில்தான். அந்த ஆற்றில்தான் 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் ரோமானியச் செம்புக்காசுகளும் கிடைத்தன. கிடைத்த இடத்தையும் எழுதிக் கொடுங்கள் தம்பி, அது தெரியாமல் போனால் வரலாற்றுக்கு அந்தக் காசால் பாதிப் பயன்கூட இல்லை.

தாராபுரம்: "நாலணாவை பேங்க்ல மாத்தலாமா?"

முடியாது. 25 பைசாவும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. எட்டணா, அதாவது 50 பைசா, இன்றும் செல்லும்.

ஈரோடு: "என் காசுக்கு மூணு லட்சம் தர்றேன்னு போன் வந்துச்சு. ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரிக்கும் முதல்ல 2,500 கட்டச் சொல்றாங்க."

கட்டாதீர்கள். பழைய காசு வாங்குவதற்கோ விற்பதற்கோ ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. இதை 2021 ஆகஸ்டில் அவர்களே அறிவித்தார்கள். பணம் கொடுக்க வேண்டியவர் வாங்குகிறவர்தானே? ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். நேரம் போகப் போக பணம் கைமாறிக்கொண்டே போகும்.

நாமக்கல்: "ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் தாத்தா காசுகளைத் தபாலில் அனுப்பச் சொல்கிறான்."

நூறு வருடத்துக்கு மேற்பட்டவை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, எடையும் குறித்து அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது அவரே கையில் எடுத்துப் பார்க்கட்டும்.