விரியும் பிரபஞ்சத்தில் புதிதாகத் துணிக்கைகள் உருவாகும் என்றால், வெப்பவியக்கவியலின் முதலாம் விதி பொய்யா?

நீங்கள் உயர்தரம் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. சக்தி புதிதாக உருவாகாது, அழியாது என்ற அந்த விதி பொய்யில்லை. உங்களுக்குச் சொல்லித்தந்தது மூடிய தொகுதிக்கான, அதாவது துணிக்கை எண்ணிக்கை மாறாத தொகுதிக்கான வடிவம், அவ்வளவுதான்.

திருகோணமலை உப்புவெளியில் நான் எடுக்கும் பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளையும் இதைத்தான் கேட்டாள். பிரபஞ்சம் எங்கும் ஒரே வெப்பநிலை என்று எடுத்தால் வெப்பம் பாய இடமில்லை. ஆகவே சக்தி மாற்றம் = மறை அமுக்கம் பெருக்கல் கனவளவு மாற்றம். அதன் பக்கத்தில் வெண்கட்டியால் இன்னொரு உறுப்புச் சேர்த்தேன்: துணிக்கை ஒன்றுக்கான வெப்பவுள்ளுறை (உட்சக்தியும் அமுக்கம் × கனவளவும் சேர்ந்தது) பெருக்கல் துணிக்கை எண்ணிக்கையின் மாற்றம். 1980களின் கடைசியில் பிரிகோஜினும் கூட்டாளிகளும் செய்தது இதுதான். 1977இல் இரசாயன நோபல் வாங்கிய மனிதர், திறந்த தொகுதிகளிலேயே ஊறியவர்.

திறந்தது என்றால் வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொட்டுவதில்லை. ஈர்ப்புப் புலத்திலிருந்து சடத்துக்குச் சக்தி போகிறது. விரியும் வெளியில் துணிக்கைகள் உருவாகலாம் என்று பௌதிகவியலாளர் லெனார்ட் பார்க்கர் 1960களிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். உருவானவை திரும்பிப் போகாது என்பது பிரிகோஜின் கட்சி. துணிக்கைகள் கூடக் கூட எந்திரப்பியும் (ஒழுங்கின்மையின் அளவு) கூடும். அந்த உருவாக்கமே மறை அமுக்கம்போல வேலை செய்யும்.

"அப்ப அது விரிவை இன்னும் வேகமாத் தள்ளிவிடுமா சேர்?" என்றாள். ஓம், அதே கேள்வியில்தான் ஆய்வாளர்களும் நிற்கிறார்கள்.

'பொதுச் சார்பியலில் பிரபஞ்சத்தின் மொத்தச் சக்திக்குக் காப்பு விதியே கிடையாது' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். நான் பேசுவது ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் காப்பைப் பற்றி. விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட சக்திக்கு இதுதான் மாற்று என்றும் சொல்லவில்லை. இதற்கும் கட்டுப்பாடு உண்டு: பெருவெடிப்பின் மிச்ச ஒளியாக, வெளியெங்கும் ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 411 நுண்ணலைப் போட்டன்கள் (ஒளித்துணிக்கைகள்) 2.725 கெல்வினில் அவ்வளவு சுத்தமான நிறமாலையோடு இருக்கின்றன. கண்டபடி போட்டன்களைப் பெருக்கும் எந்த மாதிரியுருவும் அதிலேயே அடிபட்டுப்போகும்.

அடுத்த நாள் அவளுடைய தகப்பன் கேற்றடியில் நின்றார். "மாஸ்டர், சோதினைக்கு வராததைச் சொல்லிக்குடுத்து ஏன் பிள்ளையின்ர நேரத்தை வீணாக்கிறீங்கள்?" கொழும்பிலிருந்து சூமில் எடுப்பவர்கள் பிள்ளையின் முகமே பார்ப்பதில்லை, கூரியரில் டியூட் (அச்சடித்த பாடக் குறிப்பு) வந்தால் போதும், அது பெரிய படிப்பு. நான் போட்டோகொப்பிக் காசைக்கூடக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிற ஆள்.

சரி, நீங்கள் சோதினையில் மூடிய தொகுதி என்றே எழுதுங்கள். புள்ளித்திட்டத்தில் அதற்குத்தான் புள்ளி.