மோனிகாவின் விசிட்டிங் கார்டு

கேள்வி: ஆசிரியர் சார், கேப்டன் மார்வெல் என்றால் எல்லோரும் கேரல் டான்வர்ஸைத்தான் சொல்கிறார்கள். அவருக்கு 30 வருடங்களுக்கு முன்பே அதே பெயரில் பறந்த மோனிகா ராம்போவை யாருமே நினைப்பதில்லை. பாவம் மோனிகா! உங்கள் டாப் 10 பெண் சூப்பர்ஹீரோ பட்டியலில் அவருக்கு எந்த இடம்?

பதில்: பாவமா? நண்பரே, அந்த அம்மணி நினைத்தால் ஒளியாவார், எக்ஸ்ரேயாவார், மின்சாரமாவார். நீங்கள் 'பா' என்று ஆரம்பித்து 'வம்' என்று முடிப்பதற்குள் நிலாவுக்குப் பாதி வழி போயிருப்பார். பாவப்பட வேண்டுமானால் அவருக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தவரைப் பார்த்துப் பாவப்படுங்கள்.

1982-இல் ஸ்பைடர்மேன் ஆண்டு மலரில் அறிமுகமாகும்போது அவர் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக ரோந்துப் படையில் லெப்டினென்ட். பட்டம், கேப்டன் மார்வெல். முதல் கார்டு. 1996-இல், மோனிகாவுக்கு முன் அந்தப் பட்டத்தைச் சுமந்த பழைய கேப்டனின் மகன் ஜெனிஸ் வந்து நிற்கிறான். அப்பா பெயர் பிள்ளைக்குத்தானே என்று மோனிகா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து ஃபோட்டான் ஆகிறார். இரண்டாவது கார்டு. 2005-இல் அதே பிள்ளையாண்டான் ஃபோட்டான் என்ற பெயரையும் எடுத்துக்கொள்கிறான்! மோனிகா இப்போது பல்சார். மூன்றாவது கார்டு. 2013-இல் ஸ்பெக்ட்ரம். அச்சகக்காரர் இதற்குள் கார்டில் பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டு, "பேனாவால் எழுதிக்கோங்கம்மா" என்று சொல்லியிருப்பார்.

காமிக்ஸ் வரலாற்றை எழுதியவர்கள் கதாசிரியர்கள் அல்ல, வக்கீல்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் புலம்புவதும், சிலர் கோபித்துக்கொண்டு கடிதம் போடுவதும் வாடிக்கை. இன்னொரு முறை கோபித்துக்கொள்ளட்டும். கேப்டன் மார்வெல் என்ற பெயரே முதலில் மார்வெலுடையது கிடையாது. 1940-இல் ஃபாசெட் நிறுவனம் வைத்த பெயர் அது. சூப்பர்மேனைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று இன்றைய டிசி வழக்குப் போட, 1953-இல் ஃபாசெட் தன் காமிக்ஸ் கடையைக் கட்டியது. கேட்பாரற்றுக் கிடந்த பெயரை 1967-இல் மார்வெல் எடுத்துக்கொண்டது. பிற்பாடு டிசியே அந்த மூல நாயகனை மறுபடி கொண்டுவந்தபோது, அட்டையில் 'ஷஸாம்' என்றுதான் போட முடிந்தது. பயன்படுத்தாத பெயர் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் மார்வெலுக்கு அன்றிலிருந்தே உண்டு. 1982-இல் அவர்களுடைய கேப்டன் புற்றுநோயில் இறந்தார், அதே வருடம் மோனிகா வந்தார். தற்செயல் என்று நீங்கள் நம்பினால் நான் தடுக்க மாட்டேன்.

அப்படிப் பெயரைக் காக்க வந்தவர், கதையில் நிஜமாகவே பிரமாதமாக அமைந்துவிட்டார். கதாசிரியர் ரோஜர் ஸ்டெர்ன் அவரை அவசரப்படுத்தவே இல்லை. அவெஞ்சர்ஸில் கற்றுக்குட்டியாகச் சேர்த்து, சக நாயகி வாஸ்பிடமும் கேப்டன் அமெரிக்காவிடமும் வேலை பழக வைத்து, 279-ஆம் இதழில் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தார். அங்கேதான் என் இனத்தான் ஒருவர், அதாவது ஓர் எடிட்டர், மூக்கை நுழைத்தார். மோனிகாவை இறக்கிவிட்டுக் கேப்டன் அமெரிக்காவைத் தலைவராக்கச் சொன்னார். ஒரு கறுப்பினப் பெண்ணை அப்படி மட்டம் தட்டக் கூடாது என்று தான் வாதாடியதாகவும், தொடரே தன் கையை விட்டுப் போனதாகவும் ஸ்டெர்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த கதையில் மின்னலாக மாறியிருந்த மோனிகா கடல்நீரைத் தொடுகிறார். ஆற்றல் முழுக்கக் கடலில் சிதறி, எலும்பும் தோலுமாகி, வேலையை விடுகிறார். துறைமுக ரோந்து லெப்டினென்ட்டைக் கடல் தண்ணீரை வைத்து ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! வில்லன்களுக்குக்கூட இப்படித் தோன்றாது.

2006-இல் வந்த 'நெக்ஸ்ட்வேவ்' என்ற நையாண்டித் தொடரில், "நான் அவெஞ்சர்ஸ் தலைவியாக இருந்தபோது..." என்று மோனிகா சதா ஆரம்பிப்பார், கூட இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் அவர் சொல்வது அத்தனையும் உண்மை, அதை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

பெயர் என்றதும் டார்ப்பே மில்ஸ் ஞாபகம் வருகிறார். வொண்டர் வுமன் அச்சேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1941 ஏப்ரலில், 'மிஸ் ஃப்யூரி' என்ற பெண் சூப்பர்ஹீரோ காமிக்ஸை வரைய ஆரம்பித்தவர். வரைந்தது ஒரு பெண் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று ஜூன் என்ற தன் முதல் பெயரை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தன் வீட்டுப் பூனையை மட்டும் சொந்தப் பெயரோடு கதைக்குள் விட்டார். உங்கள் 'யாரும் நினைப்பதில்லை' பட்டியலில் இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டாப் 10. போன வருடம் ஒரு பட்டியல் போட்டுவிட்டு, ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் நடுவே நடந்த யுத்தத்தில் இந்தப் பக்கம் நான்கு இதழ்களுக்கு வேறு கேள்வியே பார்க்கவில்லை. ஆகவே பட்டியல் கிடையாது. அவெஞ்சர்ஸ் 227-இல் ஆரம்பித்து 279 வரை படியுங்கள். இடத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வேண்டாம்.