குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பயிற்சி முடிந்தும் குடும்பத்தினர் என்னிடம் பேச மறுக்கிறார்கள். என்ன செய்வது?

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். கையில், பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைப் படிவம், அதை முடிக்க 15 நாள் கெடு. நீங்கள் வாசலில் நிற்கும்போதே "பிள்ளையைக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டது" என்று தெருவே பேசும். அந்த நேரத்தில் எந்தத் தாய் வாய் திறப்பாள்? அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவுகளைப் பயிற்சி அரங்கில் படித்தேன். ஒரு வீட்டுக்குள் போய் எப்படி உட்கார வேண்டும் என்பதை எங்கள் அலுவலகத்தின் மூத்த புறத்தொடர்பு பணியாளரான ஓர் அக்காவோடு நடந்துதான் கற்றேன்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தாயை இழந்த இரண்டு பிள்ளைகள், குடிக்கும் அப்பா. எனக்கு முன்பு இருந்தவர் கோப்பில் இப்படி எழுதியிருந்தார்: "தந்தை பொறுப்பற்றவர். பாட்டி முதியவர். உறவினர் எவரும் இல்லை. இல்லத்தில் சேர்க்கலாம்." அக்கா கோப்பை மூடி வைத்துவிட்டு, "உங்கள் மகன் கல்யாணத்து மொய் நோட்டு இருக்கிறதா அப்பத்தா?" என்று கேட்டார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நோட்டு வந்தது. ஊரும் பெயரும் தொகையுமாகப் பக்கம் பக்கமாக உறவுகள். அதுவரை தலை குனிந்திருந்த அப்பத்தா, ஒவ்வொரு பெயரையும் வாசிக்க வாசிக்க யார், எவர், இப்போது எங்கே என்று சொல்லத் தொடங்கினார். தாய்மாமன் பக்கத்து ஊரில்தான் இருந்தார். தங்கையின் காரியத்தில் மூண்ட சண்டைக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதிக்கவில்லை.

அக்கா அவர் வீட்டுக்கே போய்ப் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன், சித்தி, அப்பா என எல்லாரையும் உட்கார வைத்தார். பிள்ளைகளுக்கு என்ன தேவை, பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று ஆணையிடும் குழந்தைகள் நலக்குழு எதை ஏற்காது என்று தெளிவாகச் சொன்னார். பிறகு, "இனி நீங்கள் பேசுங்கள்" என்று என்னையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வற்புறுத்தலுக்குப் பின் 1989இல் வந்த சட்டம் இத்தகைய குடும்பக் கூட்டத்தை நடைமுறையாகவே வைத்திருக்கிறது என்பதைப் பின்னாளில் படித்தேன். அங்கும் குடும்பம் தனியே பேசும் நேரத்தில் அதிகாரிகள் அறையில் இருப்பதில்லை. அக்கா இதை எந்தப் பயிற்சியிலும் கேட்டவரில்லை.

அவர்கள் எடுத்த முடிவு எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது. பிள்ளைகள் அப்பத்தாவிடமே இருப்பார்கள். அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் படுக்கை அடுத்த தெருச் சித்தி வீட்டில். பள்ளிச் செலவும் விடுமுறையும் மாமன் பொறுப்பு. நலக்குழு இதை ஏற்று ஆணையிட்டது. மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாயும் பின்னர் கிடைத்தது. அப்பா இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

"குடும்பம்தானே பிள்ளையை அடிக்கிறது, அவர்களிடமே கேட்பதா?" என்று பின்னூட்டத்தில் சிலர் வருவார்கள். பாலியல் கொடுமையோ உயிருக்கு ஆபத்தோ உள்ள இடத்தில் குழந்தையை முதலில் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும், பாலியல் கொடுமை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டும். கொடுமை செய்தவரை உட்கார வைத்துச் சமாதானம் பேசச் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ளதுதான். என் சொந்தச் சரக்கு அல்ல.

அந்த அக்கா இன்று வேலையில் இல்லை. தொகுப்பூதியம் குடும்பத்துக்குப் போதாமல் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார். ஆங்கில ஸ்லைடு போட்டுப் பேச வெளியூரிலிருந்து ஆள் அழைக்கப் பணம் இருக்கிறது. தெருத்தெருவாக நடந்து கற்ற ஒருவரைத் தக்கவைத்துக்கொள்ள மட்டும் பணம் இல்லை. இதைச் சொன்னால் நிர்வாகம் தெரியாதவள் என்கிறார்கள். சொல்லட்டும்.

உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பதவியில் உங்களுக்குக் கீழே இருக்கலாம். அடுத்த முறை அவரோடு போங்கள். கூலி வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் மாலை நேரமாகப் பாருங்கள். படிவம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அப்பா என்ன தவறு செய்தார் என்று தொடங்காமல், இந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார்ந்தது என்று கேளுங்கள்.